வீட்டுப் பழம் புத்தகமும் அதன் பிரதிகளும்

தமிழ்நாட்டின் பழைய குடும்பங்கள் பலவற்றில், பூஜை அறையின் மேல்தட்டிலோ, பாட்டனார் காலத்து மரப்பெட்டியின் அடியிலோ, துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்த புத்தகம் ஒன்று இருக்கும். அது ஊர்க் கோயிலின் தலபுராணமாக இருக்கலாம். பரம்பரை வைத்தியர் ஒருவர் பதிப்பித்த வாகடமாக இருக்கலாம். கல்யாணப் பந்திக்குரிய பக்குவங்களைத் தொகுத்த சிறு நூலாகவும் இருக்கலாம். எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு சிற்றூர் அச்சுக்கூடத்தில் குறைந்த பிரதிகளே அச்சாகி, பின்னர் ஒருவராலும் மறுபதிப்புச் செய்யப்படாத அத்தகைய நூல், அந்தக் குடும்பத்துக்கு நிலபுலன்களைக் காட்டிலும் நெருங்கிய உடைமை. நிலத்தைப் பாகம் பிரிக்கலாம். புத்தகத்தைப் பிரிக்க முடியாது. ஆகவே, அண்ணன் தம்பிமாரும் அக்காள் தங்கைமாரும் ஆளுக்கொரு பிரதி வேண்டும் என்று விரும்புவது இயல்பு. மிக நல்ல விருப்பம் அது. ஆனால் அதை நிறைவேற்றும் அவசரத்தில் மூலப்படியே முதுகொடிந்து உதிர்ந்து போவதும், எடுத்த பிரதி இருபது ஆண்டுகளில் மங்கி மக்கிப் போவதும் உண்டு. மூலத்துக்கு ஊறு செய்யாமலிருத்தல், மூலத்தைவிட நெடுங்காலம் வாழ்தல் என்னும் இரண்டும் ஒரு நல்ல பிரதியின் லட்சணங்கள். இவ்விரண்டையும் அடைவதற்குத் தாளின் ரசாயனத்தையும் ஒளியின் பௌதிகத்தையும் சிறிதளவேனும் அறிந்திருத்தல் அவசியம்.

படியெடுத்தல் நம் முன்னோர்க்குப் புதிய காரியமன்று. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும், பூச்சிகளுக்கிடையிலும், பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. ஆகவே ஓர் ஏடு அடியோடு சிதிலமாகுமுன் புதிய ஓலையில் அதை எழுதிக்கொண்டு, பழையதை ஆடிப் பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. சங்க நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தது மூல ஆசிரியர்கள் எழுதிய ஓலை அழியாதிருந்ததனால் அன்று; பெயர் தெரியாத எத்தனையோ பேர் தலைமுறைதோறும் அலுக்காமல் எழுதிக்கொண்டே வந்ததனால்தான். ஆனால் கையால் எழுதுகிறவன் ஓர் அடியை விட்டு அடுத்த அடிக்குத் தாவுவதும், ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாகப் படிப்பதும் உண்டு. அன்றியும், ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லாமையால், படிப்பவரே சொல்லை ஊகித்தறிய வேண்டியிருந்தது. உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து தேடிக் கொணர்ந்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இத்தகைய பிழைகளையெல்லாம் களைய வேண்டியதாயிற்று. அச்சு அந்தப் புள்ளியை நமக்கு நிலையாகத் தந்தது. அந்தப் புள்ளிக்கு இன்றைய பிரதிகளில் நேரும் அபாயத்தைப் பின்னர்க் காண்போம்.

முதலில், அச்சுப் புத்தகம் ஏன் இவ்வளவு விரைவில் ஜீரணமாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட தாள் இன்றும் வெண்மையாய், மடித்தால் மடியும் உறுதியோடு இருக்க, 1920-இல் அச்சான தாள் பழுப்பேறித் தொட்டால் அப்பளம்போல் நொறுங்குவதைக் கண்டவர்கள் வியப்படைவது இயற்கை. பழைய தாள், கந்தைத் துணிகளை ஊறவைத்து இடித்த கூழிலிருந்து செய்தது. பருத்தி, சணல் ஆகியவற்றின் நெடிய நார்களே அதன் உடம்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படிப்பவர் தொகை பெருகிக் கந்தை போதாமற் போகவே, ஜெர்மானியரான கெல்லர் என்பவர் 1844-இல் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டறிந்தார். மரக்கூழில் நாரோடு லிக்னின் என்னும் பொருளும் சேர்ந்தே வருகிறது. மரத்துக்கு விறைப்பைத் தருவது அதுதான். ஒளியும் காற்றும் பட்டால் லிக்னின் பழுப்பாக மாறும். நேற்றைய செய்தித்தாளை வெயிலில் கிடத்தி வைத்தால் மாலைக்குள் அது மஞ்சளிப்பது இதனால்தான்.

ஆயினும் லிக்னினைவிடக் கொடிய சத்துரு ஒன்று தாளுக்குள்ளேயே இருக்கிறது. எழுதும்போது மை ஊறிப் பரவாதிருக்கத் தாளுக்கு ஒருவகைப் பூச்சு வேண்டும். 1807-இல் இல்லிக் என்னும் மற்றொரு ஜெர்மானியர், பைன் மரப் பிசினையும் படிகாரத்தையும் கூழோடு கலந்தால் அந்தக் குணம் எளிதில் வாய்க்கும் என்று வெளியிட்டார். மலிவான இந்த முறையை உலகமெங்கும் ஆலைகள் கைக்கொண்டன. காகித ஆலைகள் உபயோகிக்கும் படிகாரமோ அலுமினியத்தின் கந்தக உப்பு. காற்றிலுள்ள ஈரத்தோடு கூடும்போது அது கந்தக அமிலத்தைத் தோற்றுவிக்கும். தாளின் நாரான செல்லுலோஸ், குளுகோஸ் என்னும் சர்க்கரையின் அணுத்திரள்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்த நீண்ட சங்கிலி. அமிலம் ஈரத்தின் துணையோடு அந்தச் சங்கிலியைக் கண்டகண்ட இடங்களில் துண்டிக்கிறது. துண்டித்த பின்னும் தான் செலவழியாமல் அடுத்த கண்ணியைத் தேடிச் செல்கிறது. சிதைவிலிருந்து புதிய அமிலங்களும் பிறப்பதால், ஆண்டு செல்லச் செல்ல அழிவின் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. பழைய புத்தகத்தைத் திறந்ததும் எழுகின்ற, நம்மில் பலருக்குப் பிரியமான அந்த மணம், இவ்வாறு சிதைந்த நாரும் லிக்னினும் காற்றோடு கலப்பதன் மணமே. வில்லியம் பாரோ என்ற அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சான 500 நூல்களின் தாளைச் சோதித்து, அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இன்னும் ஐம்பது ஆண்டுகள் தாங்குவதே அரிது என்று 1959-இல் அறிவித்தார்.

இந்த ரசாயனத்தின் வேகம் உஷ்ணத்தைப் பொறுத்தது; பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் அது ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. ஓட்டுக்கூரையின் கீழுள்ள பரணில் வைத்த புத்தகம், நடுக்கூடத்து அலமாரியில் வைத்ததைவிட விரைவில் மக்குவதன் காரணம் இதுவே. காற்றின் ஈரம் நூற்றுக்கு அறுபத்தைந்தைத் தாண்டினால் பூஞ்சை தலைகாட்டும்; கரையானும் இராமபாணப் பூச்சியும் ஈரத்தை நாடியே வரும். வேப்பிலையும் வசம்பும் வைப்பது பூச்சிகளை ஓரளவு தடுக்கக்கூடும். தாளின் உள்ளே நிகழும் அமிலத்தின் வேலையை எந்த மூலிகையும் தடுக்காது. அன்பின் மிகுதியால் சிலர் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டிவைக்கிறார்கள். அமில ஆவியும் ஈரமும் உள்ளேயே அடைபட்டு, தீமை இரட்டிப்பாகிறது. கிழிந்த ஏட்டில் செல்லோ டேப் ஒட்டுவதும், பக்கங்களை லேமினேஷன் செய்வதும் மீளாத சேதங்கள். பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில், படுக்கைவசமாக வைத்தலே போதும்.

இனி, பிரதி எடுக்கும் முறைக்கு வருவோம். பெரும்பாலோர் முதலில் நினைப்பது தெருமுனை ஜெராக்ஸ் கடையை. அந்தப் பொறி பிறந்த வரலாறு, தனிமனிதர் ஒருவரின் விடாமுயற்சிக்கு உயர்ந்த உதாரணம். அமெரிக்காவில் நிறுவனம் ஒன்றின் காப்புரிமைப் பிரிவில் பணிபுரிந்த செஸ்டர் கார்ல்சன், ஆவணங்களுக்குப் பிரதி தயாரிப்பதிலுள்ள தொல்லையை நாள்தோறும் அனுபவித்தவர். நியூயார்க் பொது நூலகத்தில் அமர்ந்து பௌதிக நூல்களைப் படித்து, ஒளிபட்டால் மட்டும் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களைப் பற்றி அறிந்தார். 1938 அக்டோபர் 22 அன்று, அஸ்டோரியா என்னும் பகுதியில் வாடகைக்கு எடுத்த சிறிய அறையில், அவரும் அவருடைய துணைவர் ஆட்டோ கோர்னியும், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டினர்; தேதியையும் ஊர்ப்பெயரையும் மையால் எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து ஒளியைப் பாய்ச்சினர். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிந்தது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் நின்றது. நுண்ணிய தாவரப் பொடியைத் தூவியதும், அது எழுத்தின் வடிவத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதை மெழுகுத் தாளில் ஒற்றிச் சூடேற்றியதும் உலகின் முதல் உலர்பிரதி பிறந்தது. பெரிய நிறுவனங்கள் பலவும் அதை ஏற்க மறுத்தன. இருபத்தோராண்டுகள் கழிந்த பின்னரே, 1959-இல், 914 என்ற எண்ணைப் பெயராகக் கொண்ட பொறி சந்தைக்கு வந்தது.

இன்றைய நகல் பொறியிலும் தத்துவம் அதுவே. கரித்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டோனர் என்னும் பொடி, மின்னூட்டத்தால் உருளையில் ஒட்டி, தாளுக்கு மாறி, ஏறத்தாழ இருநூறு டிகிரி உஷ்ணத்தில் உருகித் தாளோடு இணைகிறது. கரி நிறம் மங்காதது, நீரில் கரையாதது. ஆதலால் நல்ல தாளில் எடுத்த டோனர் பிரதிக்கு நீண்ட ஆயுள் உண்டு. குற்றம் பொடியில் இல்லை. புத்தகத்தைக் கண்ணாடியின்மேல் கவிழ்த்து மூடியால் அழுத்துவதில் இருக்கிறது. பொடிந்துபோன தாளையுடைய புத்தகத்தை 180 டிகிரிக்கு விரித்து முதுகின்மேல் அழுத்தினால், தையலோரத்தில் ஏடுகள் ஒடிந்து தனித்தனியே கழன்றுவிடும். முந்நூறு பக்கமுள்ள நூலுக்கு நூற்றைம்பது முறை இந்தத் தண்டனை நிகழும். அன்றியும், தையலின் பள்ளத்தில் விழும் எழுத்துகள் நிழலில் மறைந்துபோகும். ஆகையால், அபூர்வமான புத்தகத்தை ஒருபோதும் கவிழ்த்துப் பிரதி எடுக்கலாகாது.

புத்தகம் மல்லாந்து கிடக்க, காமிரா மேலிருந்து நோக்குதலே உசிதமான முறை. புத்தகத்தை 90 டிகிரிக்குச் சற்று அதிகமாக மட்டும் திறந்து, இடப்பக்கத்து அட்டையை ஒரு சாய்பலகை தாங்குமாறு வைத்து, வலப்பக்கங்களை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படமெடுத்து, பின்னர் புத்தகத்தைத் திருப்பி வைத்து இடப்பக்கங்களை எடுக்க வேண்டும். காமிராவின் முகம் பக்கத்துக்கு நேர் இணையாக நில்லாவிடில், ஒரு புறத்து எழுத்துப் பெரிதாகவும் மறு புறத்து எழுத்துச் சிறிதாகவும் விழும். ஆதலால் காமிராவைக் கையில் பிடிக்காமல், அசையாத தாங்கியில் பொருத்தல் வேண்டும். விளக்குகளை இரு புறமும் 45 டிகிரிச் சாய்வில் வைத்தால், படும் கோணமும் மீளும் கோணமும் சமம் என்ற ஒளி விதிப்படி, பளபளப்பு காமிராவின் கண்ணுக்குள் பாயாமல் விலகிச் செல்லும். முதல் படத்தில் பக்கத்தின் அருகே ஓர் அளவுகோலையும் வைத்துவிட்டால், நூலின் உண்மையான அளவைப் பிற்காலத்தவர் அறிவார்கள்.

எவ்வளவு நுட்பமாக எடுத்தல் வேண்டும் என்பது அடுத்த கேள்வி. எட்டு அங்குல உயரமும் ஐந்து அங்குல அகலமும் உள்ள பக்கத்தை, அங்குலத்துக்கு 400 படப்புள்ளிகள் வீதம் பதிவு செய்தால், 3,200-க்கு 2,000, அதாவது 64 லட்சம் புள்ளிகள் ஆகும். கைப்பேசிகளில் சாதாரணமாக உள்ள 1 கோடியே 20 லட்சம் புள்ளிக் காமிரா, நான்காயிரத்துக்கு மூவாயிரம் என்ற கணக்கில், பத்து அங்குலத்துக்கு ஏழரை அங்குலப் பரப்பை இதே நுட்பத்தோடு பதிவு செய்யவல்லது. பக்கத்தைச் சுற்றிலும் ஓர் அங்குல ஓரம் விட்டு எடுக்கவும் இடமுண்டு. ஆகவே விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. நிலையான தாங்கியும், சீரான வெளிச்சமும், பொறுமையும் இருந்தால் போதும். சுருக்காத வண்ணப் படமாக வைத்தால் ஒரு பக்கம் சுமார் 19 மெகாபைட், முந்நூறு பக்கம் 6 கிகாபைட்டுக்குள் அடங்கும். பத்து ரூபாய்த் தாளின் பரப்பளவுகூட இல்லாத ஒரு பென் டிரைவ் அதை எளிதில் தாங்கும்.

இங்கேதான் முன்னர்க் குறிப்பிட்ட புள்ளியின் விஷயம் வருகிறது. நகல் பொறியிலும், சில கைப்பேசிச் செயலிகளிலும், படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது, ஒவ்வொரு படப்புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று ஓர் எல்லை வகுத்து முடிவு செய்யப்படுகிறது. பழந்தாளில் காலப்போக்கில் தோன்றிய பழுப்புப் பொட்டு அந்த எல்லைக்கு இப்பாற்பட்டால், அது மெய்யெழுத்தின் புள்ளியாக வேடம் பூண்டு நிற்கும். மை மங்கிய உண்மையான புள்ளி எல்லைக்கு அப்பாற்பட்டால், அது மறைந்து போகும். பிற மொழிகளில் வெறும் கறையாகக் கழியும் குற்றம், தமிழில் சொல்லையே மாற்றிவிடும். பழைய வைத்திய நூல்களில் அரை, கால், மா, காணி முதலிய அளவுகள் தமிழ்க் குறிகளாலேயே அச்சாகியிருக்கும். அங்கே ஒரு சிறு கோடு மறைந்தாலும் மருந்தின் அளவே பிறழும். அதனால் மூலப் படங்களை எப்போதும் வண்ணத்தில் எடுத்து அப்படியே காப்பாற்ற வேண்டும். அச்சிடுவதற்காகச் சாம்பல் நிறச் சாயல்களோடு மற்றொன்றைத் தயாரித்துக்கொள்ளலாம். வண்ணப் படத்தில் பழுப்புக் கறையும் கருமையான மையும் நிறத்தாலேயே வேறுபட்டுத் தெரியும். படத்திலிருந்து எழுத்தைத் தானே படித்துத் தரும் கணினி நிரல்களை நம்பி மூலத்தைக் கைவிடலாகாது. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, னை, றா, ணா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்களில் அவை இடறக்கூடும்.

எல்லாப் பக்கமும் எடுத்தாயிற்றா என்று சரிபார்த்தலும் முக்கியம். மேலட்டை, முகப்பு, முன்னுரை, பிழைதிருத்தம், கடைசியில் அச்சுக்கூடத்தார் வெளியிட்ட விளம்பரம், யாரோ ஒரு மூதாதை ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு ஆகிய யாவும் நூலின் அங்கங்களே. பக்க எண்களை ஒருவர் படிக்க மற்றொருவர் படங்களை நோக்கிச் சரிபார்த்த பின்னரே, மூலத்தைத் துணியில் சுற்றி வைக்கலாம்.

பின்னர் அச்சிடுதல். பிரதியின் ஆயுள் தாளில் இருக்கிறது. மூலத்தைக் கொன்ற அமிலத்தையே மீண்டும் விலை கொடுத்து வாங்கலாகாது. கால்சியம் கார்பனேட் சேர்ந்த அமிலமற்ற தாள் இன்று எளிதிற் கிடைக்கிறது, அதையே கேட்டு வாங்க வேண்டும். தாளுக்கு நார் ஓடும் திசை ஒன்றுண்டு. புத்தகத்தின் முதுகும் அந்தத் திசையும் ஒருமுகமாக இருந்தால்தான் ஏடுகள் மெல்லப் புரளும், மடிப்பு வெடிக்காது. சாதாரண ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், அதை நடுவில் மடித்தால் நார்கள் மடிப்பில் குறுக்கே ஒடியும். ஏ3 தாளை வாங்கி இரண்டாக வெட்டி மடித்தால் இந்தக் குற்றம் நீங்கும். ஐயமிருப்பின், சிறு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துப் பார்க்கலாம். அது சுருளும் குழலின் நீளவாக்கே நாரின் திசை.

நான்கு தாள்களை ஒன்றாக மடித்தால் பதினாறு பக்கமுள்ள ஒரு பாரம் ஆகும். தாளின் ஒவ்வொரு முகத்திலும் வரும் இரு பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் பதினேழாகவே இருக்கும்: வெளிமுகத்தில் 16-உம் 1-உம், அதன் பின்புறம் 2-உம் 15-உம் என்றவாறு. இந்தக் கணக்கைக் கைக்கொண்டால் பக்கங்கள் இடம் மாறா. பாரங்களை நூலால் தைத்துக் கட்டித் தருமாறு பைண்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முதுகில் பசை மட்டும் தடவிய புத்தகம், பசை காய்ந்து விறைத்ததும் ஏடேடாகக் கழலும். பூச்சியைத் தடுக்க மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது நம் பைண்டர்களின் பழைய வழக்கம். ஆனால் அதிலுள்ள செம்பு செல்லுலோஸின் சிதைவைத் துரிதப்படுத்துவது ஆகையால், நெடுநாள் இருக்க வேண்டிய பிரதிக்கு அதைத் தவிர்க்குமாறு சொல்லலாம்.

ஜெராக்ஸைப் பார்த்து மீண்டும் ஜெராக்ஸ் எடுத்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் எழுத்துத் தடித்தும் உடைந்தும் கெடும். மூலப் படக் கோப்போ எத்தனை முறை படியெடுத்தாலும் கெடுவதில்லை. ஆனால் கோப்பைத் தாங்கும் கருவி திடீரென்று பழுதாகும். ஆகையால் அதை மூன்று இடங்களிலேனும் வைத்து, அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருக்குமாறு செய்வது விவேகம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் நூல்களும் ஒரே இரவில் சாம்பலாயின. ஓரிடத்தில் மட்டும் உள்ள பொருள் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் பத்திரமானதன்று என்ற உண்மையைத் தமிழர் விலை கொடுத்துக் கற்றிருக்கிறோம்.

சட்டத்தையும் மறக்கலாகாது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து அறுபது ஆண்டுகள் கழிந்தால் நூல் எல்லார்க்கும் பொதுவாகும். இலங்கையில் அந்தக் காலம் எழுபது ஆண்டுகள். உரிமை இன்னும் நிலைத்திருக்கும் நூலாயின், சொந்தப் படிப்புக்காக நியாயமான அளவில் பிரதி செய்துகொள்ளச் சட்டம் இடங்கொடுக்கிறது. முழு நூலையும் பலருக்காகப் பிரதி செய்ய வேண்டின், உரிமையுடையோரின் அனுமதியைக் கேட்டுப் பெறுவதே முறை.

கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும், அவர் 1992-இல் மறைந்த பிறகு, சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்து, இன்று உலகெங்குமுள்ள தமிழாராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகின்றன. ஒரு வீட்டுப் பெட்டியில் உள்ள ஒரே நூலுக்கும் அத்தகைய பயன் உண்டு. ஆகையால், அபூர்வமான பழம் புத்தகம் ஒன்றை வைத்திருக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இது: தாள் இன்னும் புரட்டத் தாங்கும்போதே, வருகிற விடுமுறையில் குடும்பத்தார் கூடி அதைப் படமெடுங்கள்; பிள்ளைகளையும் அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு பிரதியின் முகப்பிலும் மூலம் யாரிடம் உள்ளது, என்று எடுத்தது என்பதை எழுதுங்கள்; குடும்பத்தாருக்கு ஒவ்வொன்று கொடுத்த பின், பதிப்புரிமைக் காலம் முடிந்த நூலாயின் ஒரு பிரதியை ஒரு நல்ல நூலகத்துக்கும் அனுப்புங்கள். பிரதி வந்துவிட்டதென்று மூலத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நம் பிரதியில் பிழையுண்டானால் திருத்துவதற்கு அது ஒன்றுதான் சாட்சி.